நாடகத் துப்பாக்கிக்குத் தேயிலைக் குளியல்

சென்ற மாதம் கெடாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் பழங்காலக் கைத்துப்பாக்கி போன்ற அலங்காரப் பொருள் ஒன்று மாட்டியிருக்கிறதாம். முன்பு கறுப்பாகப் பளபளத்த குழல் இப்போது தேய்ந்து, இடையிடையே வெளுத்து, சொறி பிடித்த நாய்போல இருக்கிறதாம். "அத்தான் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்போகிறேன் என்கிறார். தேய்க்கலாமா, டீச்சர்?" என்று கேட்டிருந்தார்.

தேய்க்க வேண்டாம் அம்மா, முதலில் அத்தானின் கையிலிருந்து அந்த உப்புத்தாளை வாங்கி வையுங்கள். காரணத்தைச் சொல்வதற்கு என் பெரியப்பா வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமான கதைதான். பொறுமையாக வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் இருக்கிறார். எவர்ட்டன் பார்க் அடுக்குமாடியில் வீடு. ஜொகூர்த் தோட்டத்தில் தாத்தாவோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், பதினெட்டு வயதில் அங்கே போனார். சிங்கப்பூர்த் துறைமுக வாரியத்தின் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தார். 1964-இல் அந்த வாரியம் போய்த் துறைமுக ஆணையம் வந்தது. ஆணையத்திலும் இருந்து, ஓய்வு பெற்றார். தஞ்சோங் பகார் என்றால் மலாயில் கழிகள் நட்ட முனை என்று பொருள் சொல்வார்கள். 1864-இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனியின் காலத்திலிருந்தே அந்த முனையில் மூட்டை தூக்கியவர்களிலும் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் அங்கே கூடி வாழ்ந்ததும், அவர்கள் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழில் உயர்நிலை வரை படிக்க அங்கே கடைசிவரை இருந்த பள்ளி அதுதான். 1982-இல் மூடினார்கள். ஓர் ஆசிரியை என்ற முறையில் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு குளுவாங்கில் ரயிலேறித் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்குவேன். 1932-இல் திறந்த நிலையம் அது. உயரமான கூடம். சுவரில் பெரிய பெரிய சித்திரங்கள். அவற்றில் ரப்பர் மரம் சீவுகிற காட்சியும் உண்டு. "பாரு, நம்ம வேலையை இங்க படமா வச்சிருக்கான்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் தவறாமல் காட்டுவார். 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு அங்கே ரயில் நின்றது. இப்போது பாலம் தாண்டி, பஸ் மாறி, எவர்ட்டன் பார்க் போய்ச் சேருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது.

கடந்த பள்ளி விடுமுறையில் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். சாப்பிட்டு முடித்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய நீளமான மூட்டை ஒன்றை இழுத்தார்.

"அம்மாடி, இதை நீ எடுத்துட்டுப் போ. ஒன் பள்ளிக்கூடத்துல நாடகம் போடுறேன்னியே, அதுக்கு ஆகும்."

வேட்டியை அவிழ்த்தால் ஒரு துப்பாக்கி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா சிரித்தார். "பயப்படாத. இது வெடிக்காத துப்பாக்கி. வெடிச்சதெல்லாம் மேடைக்குப் பின்னால சீனவெடி."

1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தது. சிவாஜி கணேசன் பேசிய வசனத்தைப் பேசிப் பார்க்காத இளவட்டம் அப்போது எந்த ஊரிலும் இல்லை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பிலும் கட்டபொம்மன் நாடகம் போட்டிருக்கிறார்கள். கட்டபொம்மனாக நடிக்க ஏழு பேர் போட்டி போட்டார்களாம். கம்பெனிச் சிப்பாயாக நடிக்க ஆளே கிடைக்கவில்லையாம். கடைசியில் பட்டறையின் சின்னப் பையன்கள் நால்வரைப் பிடித்துச் சிப்பாயாக்கினார்கள். அவர்களில் பெரியப்பா ஒருவர். வசனம் எதுவும் கிடையாது. "சார்ஜ்!" என்று ஒரே ஒரு கூச்சல் மட்டும். அதையும் முதல் நாள் மறந்துவிட்டாராம்.

சிப்பாய்க்குத் துப்பாக்கி வேண்டுமே! பட்டறையில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். கழித்துப்போட்ட நீராவிக் குழாயை நான்கு துண்டாக அறுத்துக் குழல் செய்தார். பெட்டிப் பலகையைச் செதுக்கிக் கட்டை செய்தார். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குக் கப்பலில் கழற்றிய பித்தளைப் பட்டை. கல் பிடிக்கிற குதிரை மட்டும் அரத்தால் ராவிய இரும்பு. குழலின் இரண்டு முனையிலும் கெட்டி மரத்தை அடித்து இறுக்கிவிட்டார். ஊதினால் காற்றுக்கூடப் போகாது. நான்கு துப்பாக்கிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

இதன் கோலத்தைப் பார்த்தபோதுதான் வருத்தமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி முறை உள்ள பெரியப்பா மகன், அப்பாவின் பொருளை அழகுபடுத்துகிறேன் என்று வெள்ளி நிற ஸ்ப்ரே வர்ணத்தை அடித்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே இருந்த துருவைத் துடைக்காமல் மேலே அடித்துவிட்டான். துரு இடம் கேட்கும். இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பெருகும். அதனால் மேல் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்திருந்தது. போதாக்குறைக்கு அது கடற்காற்று வீசும் ஊர். காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் துருவுக்கு விருந்துதான்.

"எடுத்துப் போவது இருக்கட்டும், பெரியப்பா. முதலில் இதைச் சரி செய்வோம்" என்றேன். எடுத்துப் போவது பற்றிய பேச்சை ஏன் தள்ளிப்போட்டேன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வேலையில் முதலில் வேண்டியது ஒரு காந்தத் துண்டு. அதைத்தான் கெடா வாசகிக்கும் சொல்கிறேன். குழலில் காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ அலுமினியமாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் பழைய மாதிரித் துப்பாக்கிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தவை. மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். தேய்ந்து வெளுத்துத் தெரிவது அந்தத் துத்தநாகம். உப்புத்தாள் போட்டால் மிச்சப் பூச்சும் போய், முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். காடியில் ஊறப்போட்டாலோ துத்தநாகம் நுரைத்துக் கரையும். இரும்பைக் கறுப்பாக்கும் முறை எதுவும் அதற்குச் செல்லாது. வாசகி செய்யக்கூடியது இவ்வளவே: மென்மையான சோப்பு நீரில் துணி நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, வெளுத்த இடத்தில் கறுப்புக் காலணி மெழுகை மெல்லத் தேய்த்துப் பஞ்சுத் துணியால் மெருகிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அத்தானுக்கு வேறு வேலை கொடுங்கள்.

எங்கள் துப்பாக்கியில் காந்தம் 'டக்'கென்று ஒட்டியது. குழலும் குதிரையும் இரும்பு. வளையத்தில் ஒட்டவில்லை, பித்தளை. திருகாணிகளைக் கழற்றி மரக்கட்டையைத் தனியே எடுத்தோம். துருப்பிடித்த திருகாணியைப் பலங்கொண்டு திருகக் கூடாது, தலை உடைந்துவிடும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தோம். காலையில் சமர்த்தாகக் கழன்று வந்தது.

அடுத்தது வெள்ளி வர்ணம். வீட்டுக்கு வெளியே, காற்றோடும் நடைபாதையில் உட்கார்ந்து, துணியில் தின்னர் நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தோம். தின்னரும் மண்ணெண்ணெயும் புழங்குகிற இடத்தில் நெருப்பு கூடாது, பிள்ளைகளும் கூடாது. பெரியப்பா வாயில் வைத்த சுருட்டைப் பெரியம்மா பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வர்ணம் போனபின் செம்பழுப்பாகத் துரு தெரிந்தது. நான் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். ஆமாம், நானும் அதைத்தான் எடுத்தேன்! குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் நாலு இழுப்பு இழுத்திருப்பேன். பெரியப்பா தன் கட்டை விரலால் குழலின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தவர், "நிறுத்து, நிறுத்து" என்றார்.

"என்ன பெரியப்பா?"

"இங்கன எழுத்து இருக்குமே."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய கம்பி நாரால், அழுத்தாமல், பூனையைத் தடவுவதுபோல அந்த இடத்தைத் துடைத்தேன். துரு கரைந்து வரவர, கோணலாக ஆணியால் கீறிய எழுத்துகள் எழும்பின. நான்கு தலையெழுத்துகள். அதற்குக் கீழே 1961. நான்கு சிப்பாய்கள்! நாடகம் முடிந்த இரவில் ஒவ்வொரு துப்பாக்கியிலும் நான்கு பேர் பெயரையும் கீறிக்கொண்டார்களாம். மூன்றாவது எழுத்து பெரியப்பாவுடையது. முதல் எழுத்துக்குரியவர் 1970-களில் ஊருக்குப் போனவர், போனவர்தான். மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள். மங்கிய கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அவர் விரல் நினைவில் வைத்திருக்கிறது. என் உப்புத்தாள் இன்னும் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால் நான்கு பேரும் தூளாகத் தரையில் உதிர்ந்திருப்பார்கள்.

அதன்பின் உப்புத்தாளைத் தொடவில்லை. அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பேணுவோர் ஏன் பளபளப்பாகத் தேய்ப்பதில்லை என்பதை நான் புத்தகத்தில் படித்ததுண்டு. அந்த நடைபாதையில்தான் அது எனக்கு உறைத்தது.

இனி கறுப்பாக்கும் விஷயம். இரும்பில் இரண்டு வகைத் துரு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். செந்துரு பொருபொருவென்று உதிரும். ஈரத்தை உள்ளே விட்டு மேலும் மேலும் அரிக்கும். மற்றொன்று கருந்துரு. அது இறுக்கமாகப் படிந்து இரும்புக்குச் சட்டைபோல இருக்கும். துப்பாக்கிக் கைவினைஞர்கள் குழலை அமிலநீர் தடவி வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் வேகவைத்து, செந்துருவைக் கருந்துருவாக்கி, உதிரியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, இதையே பலமுறை திரும்பச் செய்வார்கள். அப்போது நீலம் கலந்த கறுப்பு வரும். வேகவைக்காமல் விட்டால் பழுப்பு நிறம். தொழிற்சாலைகளில் காரச் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கொதிக்கும் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். அதை வீட்டில் நினைக்கவும் கூடாது. கண் போய்விடும். புட்டியில் விற்கும் உடனடிக் கறுப்பு மருந்துகளிலும் செலினியம் போன்ற நச்சுகள் உண்டு. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது எதற்கு?

நமக்கு வேறு வழி இருக்கிறது. கடுக்காய் மை நினைவிருக்கிறதா? கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை செய்தார்கள். கடுக்காயிலுள்ள துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடினால் கருமை. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே வித்தைதான். பழைய இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியில் அந்த நீரால் எழுதுவார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், பிறகு கறுக்கும். அந்தத் துவர்ப்பு தேயிலையிலும் நிறைய இருக்கிறது. வெட்டுக்கத்தியால் பச்சை வாழைப்பூவை நறுக்கினால் கத்தி கறுத்துப்போகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பெரியம்மாவிடம் தேயிலைத் தூள் கேட்டேன். "எவ்வளவு?" என்றார். "இரண்டு கை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "கேமரன் மலைத் தேயிலைடி அது. மனுசனுக்கே ஒரு கரண்டிதான் போடுறேன், இரும்புக்கு ரெண்டு கையா?" என்று சொல்லிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

ஒரு லிட்டர் தண்ணீரில் அந்தத் தூளைப் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்தோம். அதற்குள் குழலைத் தயார் செய்ய வேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் பத்துத் தடவையாவது துடைத்து உப்பை வெளியேற்றினோம். பிறகு எண்ணெய்ப் பசை போகச் சலவைச் சோடா கலந்த வெந்நீர். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் கையிலுள்ள எண்ணெய் ஒட்டிக்கொண்டு அங்கே கறுப்பு ஏறாது. நான் ஓரிடத்தில் தொட்டுவிட்டேன். என் பெருவிரல் ரேகை இன்றும் அங்கே வெளிறித் தெரிகிறது. கடைசியாகக் காடியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு பூச்சு பூசி, பத்து நிமிடம் விட்டு, கழுவினோம். காடி இரும்பின் மேற்பரப்பைச் சற்றே அரித்துவிடுவதால் தேயிலைச் சாயம் சீக்கிரம் பிடிக்கும்.

தேயிலை நீரில் முழுக்கவும் முக்கி வைக்கலாம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. முனைகளில் அடித்திருக்கும் மர அடைப்பு ஊறினால் பருத்துப் பிளந்துபோகும். அடைப்பைக் கழற்றிவிட்டு முக்கலாமே என்று தம்பி சொன்னான். நான் மறுத்தேன். அந்த மரத்துண்டு இரண்டும்தான் இது வெறும் விளையாட்டுப் பொருள் என்பதற்குச் சாட்சி. அதைக் கழற்றினால் இது திறந்த குழாயாகிவிடும். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஆகவே பழைய வேட்டியைக் கிழித்து நாடாவாக்கி, தேயிலை நீரில் நனைத்துக் குழலைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினோம். அறுவைச் சிகிச்சைக்குப் போய் வந்த கால்போல இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது பழுப்புப் போய், மழைமேக நிறம் வந்திருந்தது. கழுவி, தளர்ந்து வந்ததைக் கம்பி நாரால் மெல்லத் துடைத்து, மறுபடி கட்டினோம். இப்படி மூன்று முறை. இரண்டாம் நாள் மாலையில் குழல் கறுத்துவிட்டது. துப்பாக்கிக் கடை நீலக்கறுப்பு அல்ல. அடுப்பில் புழங்கிய இரும்புத் தோசைக்கல்லின் கறுப்பு. எழுத்துகளின் பள்ளத்தில் சாயம் ஆழமாக இறங்கி, 1961 இப்போது எனக்கே கண்ணாடி இல்லாமல் தெரிந்தது.

கொதிநீரை மேலே ஊற்றிக் கழுவினால் இரும்பு சூடேறித் தானே விரைவில் உலரும். உலர்ந்த சூட்டோடு தையல் இயந்திர எண்ணெயை ஒரு துணியில் தொட்டுப் பூசி வைத்தோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் துலக்க எனக்கு ஆசைதான். பெரியப்பா விடவில்லை. விசைக்குக் கீழே விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து மின்னுகிற ஒரு இடம், மற்ற இடமெல்லாம் மங்கல். "அது அப்படியே இருக்கட்டும். அந்த இடம் எங்க நாலு பேருக்கும் பொது" என்றார்.

கறுப்பாக்கியது சரியா என்று சரித்திரம் படித்தவர்கள் கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மேஜர் பானர்மன் முற்றுகையிட்டதும், கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் 1799-இல். அக்டோபர் 16 தூக்கு நாள். அந்தக் காலத்துக் கம்பெனிச் சிப்பாய் பிடித்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் குதிரை வாயிலுள்ள கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும், கிண்ணியிலுள்ள மருந்து பற்றும். அத்துப்பாக்கிகளின் குழல் கறுப்பாக இல்லை. சிப்பாய்கள் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேர் என்று வைத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் என் தம்பி அடித்த வெள்ளி வர்ணம்தான் சரித்திரத்துக்குப் பக்கம்! ஆனால் நாங்கள் காப்பாற்ற நினைத்தது 1799-இன் துப்பாக்கியை அல்ல, 1961-இன் நாடகத் துப்பாக்கியை. அன்று அது மேடையேறியபோது பட்டறைக் குழாயின் கறுப்பு நிறத்தில்தான் இருந்தது.

மாதிரிப் பொருள் என்றாலும் மதிப்பு உண்டு என்பதற்குச் சிங்கப்பூரிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. சாங்கியில் ஜொகூர் பேட்டரி என்ற இடத்தில் 15 அங்குல வாய் கொண்ட மூன்று பீரங்கிகள் இருந்தன. 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சரணடைவதற்கு முன் ஆங்கிலேயர்களே அவற்றைத் தகர்த்துவிட்டார்கள். அடியிலிருந்த சுரங்க அறைகள் 1991-இல்தான் மீண்டும் வெளிப்பட்டன. இப்போது அங்கே நிற்பது மாதிரிப் பீரங்கி. வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அதற்குத் தேயிலை போதாது, வர்ணம்தான் அடிக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பார்க்கலாம்.

இனி நான் தள்ளிப்போட்ட பேச்சு. வேலை முடிந்ததும் பெரியப்பா துப்பாக்கியைப் புது வேட்டியில் சுற்றி என் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. பாலத்தைத் தாண்டி அதைக் கொண்டுபோக முடியாது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. அனுமதி இல்லாமல் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். 'இது வெடிக்காது' என்பது அங்கே பதிலாகாது, பார்வைக்குத் துப்பாக்கியாக இருப்பதே போதும். சிங்கப்பூரோ கைத்துப்பாக்கி வடிவிலுள்ள சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே விடாத நாடு. சீனவெடிக்கே 1972-இல் முழுத் தடை போட்டவர்கள். 2021-இல் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புதுச் சட்டமும் இயற்றியிருக்கிறார்கள். கெடா வாசகிக்கும் இதையே சொல்கிறேன். மெருகு ஏற்றுவதற்கு முன், அது வீட்டில் இருக்கலாமா என்று பக்கத்துக் காவல் நிலையத்தில் கேளுங்கள். பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்கப் பழசாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத பொருள், புதுக் கறுப்பு ஏறியதும் தூரத்தில் நிற்கிறவனுக்கு நிஜமாகத் தெரியும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? தோட்டத்துப் பிள்ளைகள் மேடையில் இதைத் தூக்கிக்கொண்டு நிற்பதை மனக்கண்ணால் பார்த்துவிட்ட மனிதர். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இங்கயும் இதை வச்சிருக்கலாமா கூடாதான்னு கேட்டுத்தான் ஆகணும் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அறுபது ஆண்டுக்கு மேல் கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது வராத கேள்வி, நான் வந்து மெருகேற்றியதால் வந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

தம்பி நான்கு பக்கமும் படம் எடுத்தான். மர அடைப்புத் தெரிய ஒன்று, எழுத்துத் தெரிய ஒன்று. நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். எதனால் செய்தது, யார் செய்தது, எந்த ஆண்டு, வெடிக்க வழியில்லை என்பதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி, வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, பெரியப்பா கையெழுத்திட்டார். இந்தப் பக்கத்தை எழுதும்வரை பதில் வரவில்லை. வீட்டில் வைக்கக் கூடாது என்று பதில் வந்தால், குழலிலுள்ள எழுத்தை மட்டும் தாளில் வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுத்துக்கொள்ளலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். அதை உடனே செய்தோம். மெல்லிய தாளில் நான்கு எழுத்தும் ஆண்டும் அழகாக விழுந்தன. ஒரு படி அவரிடம், ஒரு படி என்னிடம்.

எங்கள் பள்ளி நாடகத்துக்கு ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூங்கிலும் அட்டையும் கொண்டு துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் பொம்மை என்று தெரிய வேண்டும் என்பதற்காக, முனையில் பளீரென்ற சிவப்புத் தாள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"சிவப்பா? கம்பெனிக்காரன் துப்பாக்கியிலயா?" என்று கேட்டார். பிறகு, "சரி, சிப்பாய் எத்தனை பேரு?" என்றார்.

"நாலு பேர், பெரியப்பா. இந்தத் தடவை கட்டபொம்மனாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வசனம் நீளமாம்."